இருப்பு எண்ணிக்கை

விழுந்தமாவடிக் கரையில் ஒரு ஏக்கர் மணல்.
ஆறுமாதச் சவுக்கங்கன்றுகளை எண்ண வந்திருக்கிறேன்.
வரிசைக்கு நூற்றிருபது குழி, பதினைந்து வரிசை.
நோட்டில் மூன்று கட்டம்:
உயிர். செத்தது. சந்தேகம்.

முதல் இரண்டுக்கும் கண் போதும்.
மூன்றாவதற்கு நகம் வேண்டும்.
தண்டைக் கட்டைவிரலால் லேசாகச் சுரண்டினால்
உள்ளே பச்சை என்றால் உயிர்,
பழுப்பு என்றால் கோடு.
உச்சி வெயிலுக்குள் என் நகக்கண் முழுக்கப்
பச்சை ஏறிவிட்டது.
சாப்பிட ஸ்பூன் கேட்டேன்.
சிரித்தார்கள்.

இறால் குட்டையை ஒட்டிய நாலு வரிசையில்
பாதிக்கு மேல் இல்லை.
கரை கசிந்த இடத்தில் மண்
அப்பளமாய்ப் பொரிந்து கிடக்கிறது.
பக்கிரிசாமி அந்தப் பக்கம் திரும்பாமலே
"கொஞ்சம் பாத்து எழுதுங்க மேடம்" என்கிறார்.
மானியக் கன்று.
எண்பது சதம் பிழைத்தால்தான்
இரண்டாம் தவணை.
பார்த்துத்தான் எழுதினேன்.
அதுதான் அவருக்கு வருத்தம்.

பதினாலாம் வரிசையில் கை நின்றுவிட்டது.
நூற்றிருபதும் உயிர்.
பதின்மூன்றும் பதினைந்தும் முழங்காலில் நிற்க
இது மட்டும் இடுப்புக்கு வந்திருக்கிறது.
கடைசியிலிருந்து திரும்பவும் எண்ணினேன்.
அதே கணக்கு.

ஓஸ் பைப் மூட்டு அங்கேதான் ஒழுகும்
என்றார் பக்கிரிசாமி.
தண்ணீர் ஊற்றும் தையநாயகி
குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் சொன்னாள்:
"பழைய தோப்பு மண்ணு போட்டேன்.
குழிக்கு ஒரு கை.
அந்த வரிசையோட கூடை காலி."
"யாரு போடச் சொன்னா?"
"யாரு சொல்லணும்?"

ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்க்கலாம்,
வேரில் முடிச்சு கட்டியிருக்கிறதா என்று.
பிடுங்கினால்
நூற்றிருபது நூற்றுப் பத்தொன்பதாகிவிடும்.
காரணம் தெரியவில்லை என்று எழுதினேன்.
பிறகு ஓரத்தில், பென்சிலில்,
ஒரு கை மண்.

அடுத்த தாக்கு மூன்றாம் ஆண்டு.
அங்கே எண்ணுவதில்லை, சுற்றளவு எடுக்க வேண்டும்.
நெஞ்சு உயரத்தில் நாடா சுற்று என்கிறது விதி.
யார் நெஞ்சு?
நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர்
எனக்கு மோவாய்,
தையநாயகிக்கு மூக்கு.
நாடாவின் மறுமுனையைப் பிடிக்க
அவள் ஒவ்வொரு மரத்தின் மீதும்
முகத்தை வைத்து எடுக்கிறாள்.

நடுவில் நிற்பவை நெட்டை, ஒல்லி.
வெளிச்சத்துக்கு முண்டியடித்து
இடுப்பு வளர்க்க மறந்தவை.
கடல் பார்த்த ஓரம் குட்டை, அடி பருத்தது.
இதே தாக்கில் முன்பு நின்ற தோப்பில்
கஜா அன்று முறிந்ததெல்லாம் நடு.
மறுவாரம் வந்து எண்ணினேன்.
அப்போது
சந்தேகக் கட்டம் தேவைப்படவில்லை.

இந்த நெட்டைகளுக்கு வரும் தையில் கோடாலி.
திருவாரூரில் எவருடைய மாடிக்கோ
சென்ட்ரிங் முட்டாய் நிற்கும்.
கான்கிரீட் இறுகியதும் உருவிப் போடுவார்கள்.
பிழைத்ததன் பலன்
இதுதானா என்று கேட்க எனக்குக் கட்டம் இல்லை.

மூன்றரைக்குக் கூட்டிப் போட்டேன்.
உயிர் ஆயிரத்து நானூற்றுப் பத்தொன்பது.
செத்தது முந்நூற்று நாற்பது.
அங்கே பாடுவாசி வைக்க வேண்டும்.
நகத்துக்கும் பிடிகொடுக்காதவை நாற்பத்தொன்று.
அதில் இருபத்தொன்று துளிர்த்தால்
தவணை வரும்.
பக்கிரிசாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்,
பீடி பற்றவைத்தார், அணைத்தார்.

"அந்த நாப்பத்தொண்ணு எங்கெங்க இருக்கு?"
என்றாள் தையநாயகி.
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
அவள் நோட்டைப் பார்க்கவில்லை.
"வந்து கைய காட்டுங்க."

மூன்றாவது கன்றுக்கு ஊற்றும்போது
மும்முனைக் கரண்ட் போய்விட்டது.
மோட்டார் இருமி நின்றது.
தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர்.
அவள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு
உள்ளே இறங்கினாள்.
குடத்தை வாங்க
நான் கை நீட்டினேன்.